சாந்தோம் இம்பீரியல் தண்ணீரில் ஆடியது

1

சிரிப்புக் காட்டத்தான் இந்தக் கதையைக் கையில் எடுத்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஒரு பத்திரிகாசிரியர் தீபாவளி மலருக்குத் தமாஷாக ஏதாவது வேண்டும் என்றார். நம் ஊர்ச் சங்கங்களைப் பற்றி எழுதுங்களேன். தலைவர், உபதலைவர், மாலை, வந்தனோபசாரம், எல்லாம் உங்களுக்குக் கைவந்த சரக்காயிற்றே என்றார். கைவந்த சரக்குதான். சென்னைப் பட்டணத்தில் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால், ஐந்தாவதாக வருகிறவரைத் தலைவராக்கிவிட்டுத்தான் அடுத்த பேச்சு. அதை வைத்து நான் பல வருஷமாகப் பிழைத்து வருகிறேன்.

மந்தைவெளியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் காஸ்பரைத் தேடிப் போனேன். அவர் ஒரு காலத்தில் ஃபுட்பால் ரெஃப்ரீ. நொடித்துப்போன சங்கங்களின் கதை அவரிடம் நிறைய இருப்பதாகக் கேள்வி. ‘சாந்தோம் இம்பீரியல்’ என்று பெயரைச் சொன்னேன். ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. “நாப்பத்துமூணு வெள்ளம்” என்றார். அப்புறம் பேசினார். வெளியில் பஞ்சருக்கு நின்ற இரண்டு பேர் காத்துப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போனார்கள். நான் எழுந்து வரும்போது என் தமாஷ் கட்டுரை செத்துப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்து தொடங்கினேன்.

‘சாந்தோம் இம்பீரியல் ஃபுட்பால் சங்கம் என்பது முழுக்க முழுக்கத் தலைவர்களால் ஆன ஒரு…’

(வாய்க்கு ருசியாகத்தான் இருந்தது. நிறுத்திவிட்டேன்.)

‘மழை தொடங்கி ஒரு வாரம்…’

(மழையோடு தொடங்கினால் மட்டமான கதைகூட நல்ல கதைபோலத் தெரியும். அது மோசடி.)

‘குதிரைகள் வந்தன.’

(இதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.)

2

சங்கத்தின் பெயரில் இருந்த ‘இம்பீரியல்’ என்ற பட்டத்தை எந்தச் சக்கரவர்த்தியும் தரவில்லை. கடிதத் தாள் அச்சடித்த அச்சாபீஸ்காரர், பெயர் குட்டையாக இருக்கிறது, நடுவில் இடம் மிஞ்சுகிறது என்றார். வைத்துக்கொண்டார்கள்.

தலைவர் ராவ் பகதூர் வைத்தமாநிதி அய்யங்கார், மயிலாப்பூர் வக்கீல். பந்தை அவர் காலால் தொட்டதில்லை, கையாலும் தொட்டதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை அதைப் பற்றி இங்கிலீஷில் பேசுவார். அவருக்குக் கீழே உபதலைவர்கள், காரியதரிசி, கூட்டுக் காரியதரிசிகள், பொக்கிஷதார், தணிக்கையாளர். முப்பதுகளில் எல்லாம் செழிப்பாக இருந்தது. ஆட்டத்துக்கு பாண்டு வாத்தியம், இடைவேளையில் கோலி சோடா, பெரிய மனிதர்களுக்குப் பிரம்பு நாற்காலி.

அப்புறம் யுத்தம் வந்தது. சந்தா கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் யுத்தத்தைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். எப்போதுமே கொடுக்காதவர்களுக்கும் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்தது. முதலில் சோடா நின்றது. பிறகு பாண்டு. பிறகு கோடு போடும் சுண்ணாம்பு. கோல் வலையை மீன்பிடிக்கிறவர்களிடம் விற்கப் பார்த்தார்கள். வலைக்கண் இவ்வளவு பெரிதாக இருந்தால் இதில் சிக்குகிற மீன் இந்தக் கடலில் கிடையாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நாற்பத்திரண்டில், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியபோது, தலைவர் குடும்பத்தைக் கும்பகோணத்துக்கு ஏற்றிப் போன லாரியில் சங்கத்தின் பிரம்பு நாற்காலிகளும் ஏறின. மைதானத்தையும் ஆட்டக்காரர்களையும் ஏற்ற இடமில்லை.

அந்த வருஷங்களில் குறையாமல் கூடிக்கொண்டே போனது ஒன்றுதான்: பதவி. பதவி கொடுக்கச் செலவில்லை. கோபித்துக்கொண்டு விலகப் பார்த்தவரை உபதலைவராக்கினார்கள். கணக்கில் ஒன்றுமே இல்லாமல் போன வருஷத்தில் இரண்டாவது தணிக்கையாளரை நியமித்தார்கள். தனக்கு ஒரு பந்து வாங்க வழியில்லாத சங்கம், மன்னரின் யுத்த நிதிக்காக ஒரு விசேஷ ஆட்டம் நடத்தி, வசூலை மாலைகளுக்குச் செலவிட்டது.

(இதுவரைக்கும் பத்திரிகாசிரியர் சந்தோஷப்பட்டிருப்பார்.)

ஆனால் அந்தப் பந்து இருக்கிறதே. தோலெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. ரப்பர் மலேயாவோடு ஜப்பான்காரனிடம் போய்விட்டது. இருந்தது ஒரே பந்து. அதன் பிளாடருக்குக் காஸ்பர் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டுப் போட்டார். அப்புறம் ஒட்டின் மேல் ஒட்டு. நாளடைவில் அது உருண்டையாக இல்லாமல் போயிற்று. மேலே உதைத்தால் அங்கே போய் ஒரு யோசனை பண்ணிவிட்டுத்தான் கீழே இறங்கும். அந்தப் பந்தை வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு, கோடு இல்லாத மைதானத்தில், பார்க்க ஆளில்லாமல், கைதட்ட ஆளில்லாமல், சில பேர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து ஆடினார்கள். சங்கம் கீழே போகப் போக அவர்களுடைய ஆட்டம் மேலே போயிற்று என்கிறார் காஸ்பர். ஏன் என்று கேட்டேன். “தெரியலை சார். நானும் பார்த்துக்கிட்டு நின்னேன், அவ்வளவுதான்” என்றார்.



3

பொன்னுரங்கம் உயரமானவர், மாநிறம், கண்கள்…

(தெரியாது. நான் பார்த்ததில்லை. முகம் எப்படி இருக்கும் என்று காஸ்பரைக் கேட்டால் அவர் கால்களைப் பற்றியே சொல்கிறார்.)

தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். சென்டர் ஃபார்வர்டு. ட்ராம் ஷெட்டில் வேலை. அடையாற்றங்கரைக் குடிசைகளில் வீடு. மனைவி முனியம்மாள். முதல் பிரதியில் பொன்னுரங்கத்தை ‘அவன்’ என்றும் வைத்தமாநிதியை ‘அவர்’ என்றும் எழுதியிருந்தேன். யோசித்துச் செய்ததல்ல, பேனா தானாகவே அப்படிப் போயிற்று. இரண்டாம் பிரதியில் திருத்தினேன். சங்கத்தைக் கேலி செய்கிறவனும் அதே தெருக்களில் வளர்ந்தவன்தான்.

சங்கத்துக்கு ஒரு விநோதமான வழக்கம் இருந்தது. ஆடுகிறவர்கள் யாரும் அதில் உறுப்பினர் இல்லை. உறுப்பினராக வேண்டுமானால் சந்தா வேண்டும், இரண்டு பேர் சிபாரிசு வேண்டும், கமிட்டி சம்மதிக்க வேண்டும். ஆற்றங்கரைக்காரனைச் சிபாரிசு செய்ய மயிலாப்பூரில் யாருக்குக் கை வரும்? அதனால் அவர்களுக்கு ‘விருந்தாளி ஆட்டக்காரர்கள்’ என்று பெயர் வைத்தார்கள். பொன்னுரங்கம் பல வருஷமாக விருந்தாளி. எந்த வீட்டிலும் ஒரு விருந்தாளி அவ்வளவு நாள் தங்கி, தாகத்துக்குத் தண்ணீர்கூட வெளிக்குழாயில் குடித்திருக்க மாட்டான்.

காரியதரிசி ஸ்தனிஸ்லாஸ், சாந்தோம் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார், ஒருமுறை இதைத் தீர்மானமாகக் கொண்டு வந்தார். பொன்னுரங்கத்தையும் மற்றவர்களையும் உறுப்பினராக்க வேண்டும் என்று. கமிட்டி அதை மிகுந்த அனுதாபத்துடன் பரிசீலித்து ஒரு உபகமிட்டிக்கு அனுப்பியது. அந்த உபகமிட்டி இன்றுவரை கலைக்கப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

4

மைதானம் லூயிசா அம்மாளுடையது. அவருடைய தகப்பனாருக்குப் பந்தாட்டம் என்றால் உயிர். சங்கம் தொடங்கிய வருஷம், அக்டோபரில் வரும் செபமாலை மாதா திருநாளன்று, பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றபடி வாய்வார்த்தையாகச் சொன்னார்: வருஷா வருஷம் இந்தத் திருநாளில், காலைப் பூசைக்கும் சாயங்காலத் தேருக்கும் நடுவே, சங்கம் இங்கே ஓர் ஆட்டம் ஆட வேண்டும். ஆடுகிற வரைக்கும் மைதானம் சங்கத்துக்கு. ஒரு வருஷம் தவறினாலும் வீட்டுக்குத் திரும்பிவிடும். எழுத்தும் இல்லை, வாடகையும் இல்லை.

அவர் காலமான பிறகு லூயிசா அம்மாள் வந்து உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத் தேருக்குப் போவார். தியாகராய நகரில் மனை பிரித்து விற்றுக் கை பழகிய ஒருவர் மைதானத்தை விலைக்குக் கேட்டு அவரிடம் நடையாய் நடந்துகொண்டிருந்தார். அவரிடம் இந்த அம்மாள் சொன்ன பதில் ஒன்றுதான். “அப்பா சொன்னதைக் கூட்டவும் மாட்டேன். குறைக்கவும் மாட்டேன்.”

(இவரை வில்லியாக்கலாமா என்று ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்தேன். கதைக்குச் சௌகரியம். ஆனால் சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றுகிற ஒரு மனுஷியை வில்லி என்றால், இந்த ஊரில் நல்லவர்கள் யார் என்று ஒரு சிக்கல் வந்துவிடும்.)

வெள்ளம் வந்த நாற்பத்துமூன்றில், ஜூன் மாதம், ஒரு சின்ன விஷயம் நடந்தது. ஆட்டம் முடிந்து தாகத்தில் நம் விருந்தாளிகள் லூயிசா அம்மாளின் தென்னையில் நாலைந்து இளநீர் இறக்கிக் குடித்துவிட்டார்கள். அம்மாள் தலைவரிடம் போய்க் கேட்டார். உங்கள் சங்கத்து ஆட்கள் இப்படிச் செய்யலாமா என்று. வைத்தமாநிதி வக்கீல். நாலு இளநீருக்கான நஷ்டஈடு தன் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்தார்.

“அவா எங்க மெம்பரே இல்லையேம்மா. விருந்தாளியா வந்து ஆடிட்டுப் போறவா. அவா பண்றதுக்கெல்லாம் சங்கம் ஜவாப்தாரி இல்லை.”

லூயிசா அம்மாள் “சரி” என்று சொல்லிவிட்டுப் போனார். வைத்தமாநிதி அன்றைக்கு ஒரு வழக்கு ஜெயித்த திருப்தியோடு காபி சாப்பிட்டிருப்பார்.

5

இப்போது மழை வரலாம்.

அக்டோபரில் பிடித்துக்கொண்டது. பட்டணத்தில் இருந்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. நாள் கணக்காகப் பெய்தது. பகலுக்கும் சாயங்காலத்துக்கும் ஒரே நிறம். அடையாறு கரையை விட்டு எழுந்து நடந்து வந்தது. ஆற்றங்கரைக் குடிசைகள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. பிறகு கூரைகள் மட்டும் கடலைப் பார்த்துப் போயின. சட்டி, பாய், கதவு, ஒரு கட்டில், கட்டிலின் மேல் ஒரு சேவல். அந்தச் சேவல் யாருக்கும் பயப்படாமல் கூவிக்கொண்டே போனதாம்.

இம்பீரியல் மைதானம் சரிவானது. கிழக்கே பள்ளம், மேற்கே மேடு. மேட்டில்தான் சங்கத்தின் ஓட்டுக் கட்டடம். ஆறு பொங்கும் ஒவ்வொரு முறையும் குடிசைக்காரர்கள் ஏறி நிற்க அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருந்த ஒரே மேடு அது. அதை மனை பிரித்துச் சுற்றுச்சுவர் எழுப்பிவிட்டால் அடுத்த வெள்ளத்துக்கு ஏற இடம் கிடையாது. அது பொன்னுரங்கத்துக்குத் தெரியும். முனியம்மாளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

திருநாள் காலையில் கிழக்குக் கோல் கம்பங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. மேற்குக் கோல் சேற்றில் நின்றது. நடுவில் மைதானம் என்று சொல்லத் தக்கதாக எதுவும் இல்லை. ஒரு பெரிய பழுப்புத் தண்ணீர், அதன் மேல் மழை. அவ்வளவு பெரிதாகத் தண்ணீரைப் பார்த்ததும் தனக்குத் தொப்பியைக் கழற்ற வேண்டும்போல் இருந்தது என்றார் காஸ்பர். கழற்றினாராம்.

ஸ்தனிஸ்லாஸோடு குடை பிடித்துக்கொண்டு வந்த வைத்தமாநிதி, கமிட்டி அறைக் கதவைத் திறந்தார். உள்ளே ஆற்றங்கரையே இருந்தது. கமிட்டி மேஜையில் அடுப்பு. மேஜைக்குக் கீழே பிள்ளைகள்.

“ஓய் ஸ்தனிஸ்லாஸ், உபதலைவர் நாற்காலியில ஆடு உக்காந்துண்டிருக்கே?”

“உபதலைவர்களுக்குப் பதிலா ஆடாவது வந்திருக்கு சார்.”

உண்மைதான். அத்தனை உபதலைவர்களில் ஒருவரும் வரவில்லை.

6

குதிரைகள் வந்தன.

(இந்த இடத்தில் மூன்று முறை நின்றுவிட்டேன்.)

வருஷா வருஷம் திருநாள் ஆட்டத்துக்கு எதிர் டீம் கிண்டி ரேஸ் குதிரை லாயத்து ஆட்கள். அவர்களுடைய கேப்டன் ஹபீபுர் ரஹ்மான். வெள்ளத்தில் அவர்கள் வர மாட்டார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வராவிட்டால் ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லாவிட்டால் மைதானம் இல்லை. ஸ்தனிஸ்லாஸ் மேட்டின் நுனியில் நின்று தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார். மழைக்குள்ளிருந்து முதலில் காதுகள் தெரிந்தன. அப்புறம் கழுத்துகள். குதிரைகள் மார்பளவு தண்ணீரைப் பிளந்துகொண்டு வரிசையாக வந்தன, ஒவ்வொன்றின் மேலும் சேணமில்லாமல் பனியனும் அரைக்கால் சட்டையுமாக இரண்டிரண்டு பேர்.

இதை நான் நம்பவில்லை. காஸ்பரிடமே சொன்னேன். லாயத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, குதிரைகளை மேடான இடங்களுக்குப் பிரித்துக் கொண்டுபோகச் சொல்லி உத்தரவு, இவர்கள் தங்கள் பங்குக் குதிரைகளுக்கு இந்த மேட்டைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றார். எந்த வழியாக வந்தார்கள் என்றால் தெரியாது என்கிறார். ஒரு பிரதியில் குதிரைகளை எடுத்துவிட்டு, லாயத்துக்காரர்கள் நடந்தே வந்ததாக எழுதினேன். நம்பும்படியாக இருந்தது. ஆனால் கதை பிணம்போலக் கிடந்தது. மறுநாள் திருப்பிச் சேர்த்தேன். நீங்கள் நம்ப வேண்டியதில்லை. அவை ஆட்டம் முடியும்வரை மேற்குக் கோலுக்குப் பக்கத்தில் நிற்கும், அவற்றைச் சுற்றிக்கொண்டு படித்துப் போங்கள்.

ஹபீபுர் ரஹ்மான் குதிரையிலிருந்து நேரே தண்ணீரில் இறங்கினார். “இன்னா நைனா, இன்னிக்கு ஆட்டமா, குளியலா?”

“ரெண்டும்தான் பாய்” என்றார் பொன்னுரங்கம்.

7

லூயிசா அம்மாள் கட்டுமரத்தில் வந்தார். கறுப்புக் குடை, வெள்ளைச் சேலை, கையில் செபமாலை. ஒரு மீனவர் கழியால் தள்ளிக்கொண்டு வந்து, நடுக்கோடு இருந்திருக்க வேண்டிய இடத்தில் நிறுத்தினார். அந்த அம்மாள் சுற்றிலும் பார்த்தார். இம்பீரியல் பக்கம் ஒன்பது பேர். மற்றவர்களில் சிலர் பட்டாளத்தில். சிலரை வெள்ளம் எங்கே ஒதுக்கியதோ தெரியாது.

“இவங்க யாரு ஐயா?” என்று தலைவரைக் கேட்டார்.

நம்ம ஆட்டக்காரா என்றார் வைத்தமாநிதி.

“மெம்பர் இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க. சங்கம் ஆடணும்னு அப்பா சொன்னார். விருந்தாளி ஆடணும்னு சொல்லலை.”

வைத்தமாநிதிக்குச் சட்டப் புத்தகம் முழுக்க மனப்பாடம். ஆனால் தன் வாயிலிருந்து வந்த வாக்குமூலத்தை மறுக்கும் பிரிவு எதிலும் இல்லை. மழையில் நின்றபடியே ஒரு தீர்மானத்தை உரக்கச் சொல்லத் தொடங்கினார்: நாளது தேதியில் ஏற்பட்டிருக்கும் அசாதாரண சந்தர்ப்பத்தை முன்னிட்டும், பொதுச்சபையின் பின்னேற்பு ஒப்புதலுக்கு உட்பட்டும், கீழ்க்கண்ட விருந்தாளிகளைத் தாற்காலிக…

“சாமி” என்றார் பொன்னுரங்கம். “நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள அந்தக் கம்பமே முழுகிடும். பந்தைப் போடச் சொல்லு.”

லூயிசா அம்மாள் யோசித்தார். ஆடுங்கள், ஆடி முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பேன், அதற்கு வரும் பதிலைப் பார்த்துத்தான் சங்கம் ஆடியதா இல்லையா என்று சொல்வேன் என்றார். பதினொரு பேர் வேண்டுமே என்று ஹபீபுர் ரஹ்மான் நினைவுபடுத்தினார். ஸ்தனிஸ்லாஸ் சட்டையைக் கழற்றி ஆட்டின் மேல் போட்டுவிட்டு இறங்கினார். அதற்குப் பிறகு மேட்டில் நின்றவர்களில் கால் சும்மா இருந்தவர் ஒருவர்தான். ஆற்றங்கரை மொத்தமும் அவரைப் பார்த்தது.

ராவ் பகதூர் வைத்தமாநிதி அய்யங்கார் பஞ்சகச்சத்தை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். கோலில் நிற்கிறேன், அங்கே ஓட வேண்டாமோல்லியோ என்றார்.

(இங்கே ஒரு கேலி எழுதியிருந்தேன். நல்ல கேலி. இறங்கும்போது அவர் ஒவ்வோர் அடியையும் காலால் தடவிப் பார்த்துத்தான் வைத்தார் என்று காஸ்பர் சொன்னது ஞாபகம் வந்தது. அடித்துவிட்டேன்.)

8

தண்ணீரில் எப்படிப் பந்தாடுவது?

ஆட முடியாது. ஆடினார்கள்.

முதல் பாதி முழுக்கச் சிரிப்பு. மேட்டில் இருந்த பெண்கள் சிரித்தார்கள், ஆடுகிறவர்களும் சிரித்தார்கள். உதைத்தால் கால் வரும், பந்து வராது. ஒருவன் விழுந்தால் நாலு பேர் அவனைத் தேடினார்கள். ஆஃப்சைடு பார்க்கக் கோடே இல்லை. காஸ்பர் ஊதினால் விசிலிலிருந்து தண்ணீர் வந்தது. கடைசியில் கையைத் தூக்கிக் கத்தினார். கோல் ஏதும் இல்லாமல் பாதி முடிந்தது.

பக்கம் மாறினார்கள். இப்போது இம்பீரியலுக்குக் காக்க வேண்டியது பள்ளத்துக் கோல். வைத்தமாநிதி இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு கம்பங்களுக்கும் நடுவில், கோவில் குளத்தில் சங்கல்பத்துக்கு நிற்பதுபோல் நின்றார். மழை வலுத்தது. சிரிப்பு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் அது நடந்தது. காஸ்பர் இதைச் சொல்லும்போது கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

பந்து தோய்ந்து பூசணிக்காய்போல் கனத்து, பாதி முழுகி மிதந்தது. பொன்னுரங்கம் அதன் பக்கத்தில் போனார், தொடவில்லை. அதைத் தாண்டி மேட்டைப் பார்த்து நடந்தார். ஓடவில்லை, நடந்தார், உடம்பைத் தண்ணீரில் சாய்த்து, முழங்காலை உயர்த்தாமல், தண்ணீரை இரண்டு பக்கமும் விலக்கிக்கொண்டு. அவர் விலக்கிய தண்ணீர் அவருக்குப் பின்னால் வந்து மூடியது. மூடிய தண்ணீரோடு பந்தும் வந்தது.

“நாய்க்குட்டி மாதிரி சார். அவன் போற பக்கமெல்லாம் பின்னாடியே வந்துச்சு. கால் படலை, கை படலை. இதுக்கு என்னன்னு விசில் ஊதறது?”

லாயத்துக்காரர்கள் மறிக்க வந்தார்கள். அவர் வளைந்தார், பந்தும் வளைந்தது. ஹபீபுர் ரஹ்மான் மறிக்கவே இல்லை; வழிவிட்டு நின்று பார்த்தாராம். பிறகு ஏன் என்று கேட்டதற்கு, பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன் என்றாராம். இடுப்பளவு தண்ணீர் தொடையளவாகி, முழங்காலளவாகி, கணுக்காலில் வந்து முடிந்த இடத்தில் பொன்னுரங்கம் திரும்பினார். சேற்றில் வந்து நின்ற பந்தை ஒரே ஒரு முறை தொட்டார், உள்ளங்காலால். அது மெதுவாக உருண்டு, சாய்ந்து, யோசித்து, கோலுக்குள் போய், அங்கே நின்ற குதிரையின் காலடியில் நின்றது. குதிரை குனிந்து அதை முகர்ந்து பார்த்தது.

முனியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார்.

(இதற்கு மேல் எழுத ஒரு வாக்கியம் தேடினேன். ‘அந்தக் கணத்தில் அவர்…’ வேண்டாம். மனிதர்கள் செய்கிற சில காரியங்களுக்குப் பக்கத்தில் உவமையைக் கொண்டுவந்து நிறுத்தினால் உவமைதான் சின்னதாகிறது.)

கடைசி நிமிஷத்தில் லாயத்துப் பையன் ஒருவன் பள்ளத்துக் கோலைப் பார்த்துப் பந்தைத் தலையால் தள்ளினான். அது விழுந்து, மிதந்து, ஒரு அவசரமும் இல்லாமல் கோலை நோக்கிப் போயிற்று. துரத்திப் பிடிக்க யாராலும் முடியவில்லை. வைத்தமாநிதிக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் அதற்குள் மார்புக்கு ஏறியிருந்தது. ஓரடி எடுத்து வைத்தால் தரை இருக்குமா என்பதும் தெரியாது. ஓரடி எடுத்து வைத்தார். இரண்டு கையாலும் பந்தை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

அத்தனை வருஷம் தலைவராக இருந்தவர் அன்றைக்குத்தான் பந்தைத் தொட்டார். அது இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

காஸ்பர் கையை உயர்த்தினார். ஆட்டம் முடிந்தது.

9

கட்டுமரம் பள்ளத்துக் கோலுக்குப் பக்கத்தில் வந்தது. ஆட்டக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். லூயிசா அம்மாள் பொன்னுரங்கத்தைப் பார்த்து அந்த ஒரு கேள்வியைக் கேட்டார்.

“நீ சங்கமா, விருந்தாளியாப்பா? நீ சொல்றதை நான் ஏத்துக்கிறேன்.”

சங்கம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மேடு மிஞ்சும். அவருடைய ஜனங்கள் அங்கேதான் ஈரத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்னுரங்கம் மூச்சு வாங்கிக்கொண்டே முகத்துத் தண்ணீரை வழித்தார். பிறகு தலையசைத்து வைத்தமாநிதியைக் காட்டினார்.

“அவரக் கேளும்மா. இத்தினி வருஷமா நான் யாருன்னு அவருதான சொல்லிக்கினு கீறாரு. இன்னிக்கும் அவரு வாயாலயே வரட்டும்.”

பக்கத்தில் நின்றவர்கள் பதறினார்கள். டேய் மச்சி, சொல்லித் தொலையேன்டா என்று ஒருவன் முதுகில் இடித்தான். பொன்னுரங்கம் அசையவில்லை.

இதற்கு மேல் நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) ‘இவாதான் சங்கம்’ என்கிறார் வைத்தமாநிதி. மைதானம் பிழைக்கிறது. வெள்ளம் வடிந்ததும் கமிட்டி கூடுகிறது. சமயோசிதமாக மைதானத்தைக் காப்பாற்றிய தலைவருக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம், மாலை, குரூப் போட்டோ. பொன்னுரங்கம் விஷயத்தை விரைவில் கவனிக்கும்படி உபகமிட்டிக்கு ஞாபகமூட்டுகிறார்கள். (எனக்கு இந்த ஊரைத் தெரியும். இது நடக்கக்கூடியது. அதனாலேயே கை கூசுகிறது.)

ஆ) ‘இன்றைய ஆட்டத்தைப் பொறுத்த மட்டில்…’ என்று தொடங்குகிறார். வக்கீல் நாக்கு. லூயிசா அம்மாள் குடையை மடக்கிக்கொண்டு திரும்புகிறார். இரண்டு வருஷத்தில் அங்கே வீடுகள். அதில் ஒரு வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து நீங்களே இந்த மலரைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

இ) ‘நான்தான் விருந்தாளி’ என்கிறார், குரல் தழுதழுக்க. (கைதட்டல் நிச்சயம். பத்திரிகாசிரியருக்கு இதுதான் பிடித்தது. அன்று பொன்னுரங்கம் அப்படி நடந்துபோனதை இதற்காகவா எழுதினேன்? அடித்துவிட்டேன்.)

உண்மையில் என்ன நடந்தது என்று காஸ்பர் எனக்குச் சொன்னார். வைத்தமாநிதி என்ன சொன்னார், எவ்வளவு நேரம் கழித்துச் சொன்னார், எந்தக் குரலில் சொன்னார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் நான் சொன்னால் நீங்கள் இரண்டில் ஒன்று செய்வீர்கள். நல்ல மனுஷன் என்பீர்கள், அல்லது இவாளே இப்படித்தான் என்பீர்கள். பிறகு பக்கத்தைப் புரட்டி அடுத்த கதைக்குப் போவீர்கள். சாந்தோம் பக்கம் போய், மைதானம் இருக்கிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றும் நினைக்க வேண்டாம். இடத்தை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

10

ஆகையால் அவரை அங்கேயே விட்டிருக்கிறேன்.

தண்ணீர் இப்போது அவர் பூணூலை மூடிவிட்டது. பந்தை இன்னும் கீழே விடவில்லை. அதன் கனத்தில் தோள்கள் முன்னால் இழுபடுகின்றன. மழை கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. கோவிலில் தேருக்கு அடிக்கும் முதல் மணி தண்ணீரின் மேல் வந்து கேட்கிறது. குதிரைகள்கூடத் தலையைத் தூக்கியிருக்கின்றன. பொன்னுரங்கம் அவரைப் பார்க்கிறார். கோபமாக இல்லை, பந்து எந்தப் பக்கம் வரப்போகிறது என்று பார்க்கிற பார்வை. லூயிசா அம்மாள் அவர் முகம் தெரிவதற்காகக் குடையைச் சற்றே உயர்த்துகிறார்.

ஏதாவது ஒரு சங்கத்தில், ஒரு சபாவில், ஒரு ஆபீசில், ஒரு வீட்டில், யாரையாவது விருந்தாளி என்று சொல்லி நிற்க வைத்திருப்பவர்கள் யார் வேண்டுமானாலும் இந்த வாக்கியத்தை முடிக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. மேட்டில் நின்று சொல்லக் கூடாது. பள்ளத்தில் இறங்கி அவர் நின்ற இடத்தில் நின்று, அந்தப் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு சொல்ல வேண்டும்.

வைத்தமாநிதி வாயைத் திறந்தார்.

“இவா…”